பிரேக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை



இது நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிடம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இன்னொரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்சாப் குழுவில் என் தம்பி மகன் ஒரு படம் போட்டான். மரப்பலகை மேல் ஓர் இன்ஜின். பக்கத்தில் டர்போ, வயர் கட்டு, கம்ப்யூட்டர் பெட்டி. கீழே, "அப்பா காருக்குப் புது உயிர்" என்று எழுதியிருந்தான். அதையே முகநூலிலும் போட்டான். கட்டைவிரல், நெருப்பு, கைதட்டல் என்று வந்து குவிந்தன. "எத்தனை குதிரை?" "எவ்வளவு வெள்ளி?" "எந்த வர்க்‌ஷாப்?" "எப்ப ரெடி?" நாற்பதுக்கு மேல் கேள்விகள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். பிரேக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். "பிரேக்?" என்று ஒரே சொல். பதிலுக்கு ஒரு சிரிப்பு முகம் வந்தது. என் பழைய மாணவன் ஒருவன், இன்று சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவன், "சார், ரிலேக்ஸ் லா, இப்ப எல்லாரும் பண்றாங்க" என்று எழுதினான்.

ரிலேக்ஸ் ஆக முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கார் எது என்று சொல்லிவிடுகிறேன். என் தம்பி 2000இல் வாங்கிய புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை அப்படி ஒரு காரைத் தொட்டதில்லை. ஆயிரம் கிலோ சொச்சம் எடை, ஐந்து கியர், 1.8 லிட்டர் இன்ஜின், 138 குதிரைத்திறன். பின்னால் "ஹேண்ட்லிங் பை லோட்டஸ்" என்ற எழுத்து. அது வெறும் ஸ்டிக்கர் இல்லை. 1996இல் புரோட்டோன் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. அந்த லோட்டஸ் பொறியாளர்கள்தான் இந்தக் கார் வளைவில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தம்பி இரண்டு வருடங்களுக்கு முன் காலமானான். கார் கொட்டகையில் நின்றுவிட்டது. கிளப்பினால் நீலப் புகை. மகன் அதை மறுபடி ஓட வைக்க ஆசைப்படுகிறான். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் தேர்ந்தெடுத்த வழியைத்தான் குறை சொல்கிறேன்.

அந்த வழி என்ன? விஷயம் தெரியாத அக்கா தங்கைகளுக்காகச் சொல்கிறேன். ஜப்பானில் பயன்படுத்திக் கழித்த காரை முன்பாதியோடு அறுத்துக் கப்பலில் அனுப்புவார்கள். அதற்குப் பெயர் ஹாஃப் கட். அதில் இன்ஜின், கியர் பாக்ஸ், வயர், மீட்டர் எல்லாம் இருக்கும். நம் நாட்டில் இது பல வருட வியாபாரம். மகன் வாங்கியது மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆர் காரின் டர்போ இன்ஜின். அதை எடுத்து அப்பாவின் டர்போ இல்லாத காரில் வைக்கப் போகிறான்.

நான் டர்போவுக்கு விரோதி இல்லை. பல வருடம் கெமாஹிரான் ஹிடுப் வகுப்பில் இன்ஜின் பிரித்துக் காட்டியவன் நான். மூன்றாம் படிவத்தில் புல்வெட்டும் இயந்திரத்தைக் கழற்றி, திரும்ப மாட்டும்போது ஒரு ஸ்க்ரூ மிஞ்சிப்போய் முழித்தவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களில் பத்துப் பேராவது இருப்பீர்கள். அப்போது நான் என்ன சொன்னேன்? "மிஞ்சிய ஸ்க்ரூவும் ஏதோ ஒரு வேலைக்காகத்தான் அங்கே இருந்தது." இன்றைக்கும் சொல்ல வந்தது அதுதான்.

டர்போ என்ன செய்கிறது? சாதாரண இன்ஜின் தானாக மூச்சு வாங்குகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் காற்றை உள்ளே தள்ளுகிறது. அந்த அழுத்தம் கொடுக்கும் அளவுக்குத்தான் காற்று, அந்தக் காற்றுக்குத் தகுந்த எண்ணெய், அதற்குத் தகுந்த சக்தி. டர்போ வெளியேறும் புகையை வைத்து ஒரு சக்கரத்தை நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுற்ற வைக்கிறது. மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கிறது. அதிகக் காற்று, அதிக எண்ணெய், அதிக சக்தி. வீணாகப் போகும் புகையில் வேலை வாங்குவது புத்திசாலித்தனம்தான். ஆனால் அழுத்திய காற்று சூடாகும். சைக்கிள் பம்ப் அடித்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். சூடான காற்றும் எண்ணெயும் சிலிண்டருக்குள் நேரம் தவறி வெடித்தால் பிஸ்டன் உடையும். அதற்குத்தான் காற்றைக் குளிர வைக்கும் இண்டர்கூலர். அதற்குத்தான் டர்போ இன்ஜினில் அமுக்க விகிதத்தைக் குறைத்து வைப்பது. ஜிஎஸ்ஆர் இன்ஜினில் அது 8.5க்கு 1. டர்போ இல்லாத ஸ்போர்ட்ஸ் இன்ஜின்களில் 10க்கு 1, அதற்கு மேலும் இருக்கும்.

இப்போது மகன் சொன்ன முதல் வாதத்துக்கு வருகிறேன்.

"பெரியப்பா, ரெண்டுமே 4ஜி93. ஒரே பிளாக். ரெண்டுமே 1834 சிசி. போல்ட்டுகூட அதே இடத்துலதான் உக்காரும்."

உண்மை. ஒரே குடும்பத்து இன்ஜின்தான். நானும் தம்பியும் ஒரே குடும்பம்தான். அவன் சட்டை எனக்கு ஏறாது. போல்ட் உட்காருகிறது என்பதால் கார் அதைத் தாங்கும் என்று அர்த்தம் இல்லை. குதிரைத்திறனை மட்டும் பார்க்காதே மகனே, முறுக்குவிசையைப் பார். அப்பாவின் இன்ஜின் தருவது 160 நியூட்டன் மீட்டர் சொச்சம். அதுவும் நன்றாகச் சுற்றவிட்ட பிறகுதான். ஜிஎஸ்ஆர் டர்போ தருவது 270, அதுவும் 3000 சுற்றிலேயே. ஒன்றரை மடங்குக்கு மேல். இந்த முறுக்கு எங்கே போகும்? கிளட்ச் வழியாக, கியர் பல் வழியாக, டிரைவ் ஷாஃப்ட் வழியாக, முன் டயருக்குப் போகும். இந்த வரிசையில் எது இளைத்ததோ அது உடையும். கியர் பாக்ஸையும் சேர்த்து மாற்றினால் அடுத்த இளைத்த இடம் ஷாஃப்ட். அதையும் மாற்றினால் டயர்.

ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த ஜிஎஸ்ஆர் நான்கு சக்கரமும் இழுக்கும் கார். 270 நியூட்டன் மீட்டரை நான்கு டயருக்குப் பங்கு போட்டுக் கொடுத்தான் ஜப்பான்காரன். நாம் அதைப் பிடுங்கி இரண்டு டயரின் தலையில் கட்டுகிறோம். நான்கு பேர் தூக்கிய பல்லக்கை இரண்டு பேரைத் தூக்கச் சொல்வது போல.

இதைச் செய்த பெரிய கம்பெனிகள் என்ன செய்தன என்று பாருங்கள். டொயோட்டா எம்ஆர்2 என்று ஓர் அழகான ஸ்போர்ட்ஸ் கார். 1989இல் அதன் இரண்டாம் தலைமுறை வந்தது. ஒரே உடல்தான். டர்போ இல்லாமலும் விற்றார்கள், டர்போவோடும் விற்றார்கள். இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு டொயோட்டா கையைத் துடைத்துக்கொண்டதா? டர்போ காருக்குப் பலமான வேறு கியர் பாக்ஸ். பெரிய பிரேக். இன்ஜின் மூடிகூட வேறு. பெராரிக்கு வருவோம். 458 என்ற காரில் 4.5 லிட்டர் இன்ஜின், டர்போ கிடையாது. 2015இல் அதன் இடத்தில் 488 வந்தது. 3.9 லிட்டர், இரண்டு டர்போ. காரின் இரண்டு பக்கமும் பெரிய காற்று வாய் வைத்தார்கள், இண்டர்கூலருக்குக் காற்று வேண்டுமே என்று. உலகத்திலேயே கைதேர்ந்தவர்கள், சோதனைத் தடமும் ஆய்வுக்கூடமும் வைத்திருப்பவர்கள், டர்போவுக்கு மாறியபோது காரையே திரும்ப வரைந்தார்கள். நம் ஊர்ப் பட்டறையில் ஒரு சனி, ஒரு ஞாயிறு போதுமாம்.

அடுத்தது பிரேக். இதற்காகத்தான் இந்தப் பதிவே.

கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் இருமடியோடு போகும். வேகம் இரண்டு மடங்கு ஆனால் ஆற்றல் நான்கு மடங்கு. 100இல் போகும் காரையும் 140இல் போகும் காரையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் நாற்பது விழுக்காடுதான் கூட. ஆற்றல்? 1.4 பெருக்கல் 1.4. ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரேக் என்பது அந்த ஆற்றலைச் சூடாக மாற்றும் சாதனம், அவ்வளவுதான். இரண்டு மடங்கு ஆற்றல் என்றால் இரண்டு மடங்கு சூடு, அதே சின்ன இரும்புத் தட்டில். சூடு ஓர் எல்லையைத் தாண்டினால் பிரேக் பேட் பிடிப்பை இழக்கும். இன்னும் போனால் பிரேக் எண்ணெய் கொதித்து, மிதியை மிதித்தால் காற்றை மிதிப்பது போல உள்ளே போகும்.

"நான் 140இல எல்லாம் போக மாட்டேன் பெரியப்பா" என்கிறாய். போவாய். போக வேண்டும் என்று நினைக்காமலே போவாய். அதே நேர்ச்சாலை, அதே வளைவு. முன்பு அந்த வளைவுக்கு 90இல் வந்து சேர்ந்த கார் இப்போது 120இல் வந்து சேரும். உன் கால் பழைய கால். உன் கண் பழைய கண். கார் மட்டும் புதுசு.

இனி வளைவு. டயருக்குப் பிடிப்பு என்பது மாதச் சம்பளம் மாதிரி. ஒரு தொகைதான். அதில் திரும்பவும் செலவு செய்ய வேண்டும், இழுக்கவும் செலவு செய்ய வேண்டும், நிற்கவும் செலவு செய்ய வேண்டும். முன் சக்கரம் இழுக்கும் காரில் இந்த மூன்று செலவும் பெரும்பாலும் முன் டயரின் தலையில்தான். அப்பாவின் இன்ஜின் காலுக்குக் கட்டுப்பட்டது. அரை அங்குலம் மிதித்தால் அரை அங்குலத்துக்கு உண்டான இழுப்பு, உடனே. வளைவின் நடுவில் எவ்வளவு செலவாகிறது என்று கால் நுனியிலேயே கணக்குத் தெரியும். லோட்டஸ்காரன் அந்தக் காரைச் செதுக்கியது அந்தக் கணக்கை நம்பித்தான். டர்போ மிதித்தவுடன் வராது. புகை சேர வேண்டும், சக்கரம் சுற்ற வேண்டும். வளைவுக்குள் நுழையும்போது மிதித்தது வளைவின் நடுவில் வந்து சேரும், மொத்தமாக. அந்த நேரத்தில் முன் டயரின் சம்பளம் முழுவதும் திரும்புவதற்கே செலவாகியிருக்கும். கடன் வாங்க இடம் கிடையாது. கார் நேராகப் போகும். சாலை மட்டும் வளையும். பயந்து காலைச் சட்டென்று எடுத்தால் பின்பக்கம் வீசும். நல்ல ஓட்டுநர்கள் இதற்குப் பழகிக்கொள்வார்கள். எங்கே பழகுவார்கள்? பொதுச்சாலையில். எதிரே பள்ளிப் பேருந்து வரும் சாலையில்.

இதுவரை பாடம். இனி நான் வெட்கப்பட்டுச் சொல்ல வேண்டிய ஒன்று.

2004இல் என் மாணவன் ஒருவன் இதே வேலையைச் செய்தான். அவனிடமே கேட்டு, சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். அவனுடையது புத்ரா கூப்பே. அதற்குள் டர்போ இன்ஜின். வேலை முடிந்ததும் முதலில் என் வீட்டுக்குத்தான் ஓட்டி வந்தான். "சார், நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்" என்றான். ஆசிரியனுக்கு இதைவிடப் பெரிய போதை வேறு இல்லை. ஏறி உட்கார்ந்தேன். சிரம்பான் நெடுஞ்சாலையில் மிதித்தான். முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்டது. பொய் சொல்ல மாட்டேன், சின்னப் பையன் மாதிரி சிரித்தேன். வெல்டிங் சுத்தம், வயர் வேலை சுத்தம். முதுகில் தட்டி "சபாஷ்" என்றேன். இன்ஜின் மூடியைத் திறந்து அரை மணி நேரம் பார்த்தவன், குனிந்து ஒரு சக்கரத்தின் உள்ளே பார்க்கவில்லை. பிரேக்கைப் பற்றி நானும் கேட்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, கோலப்பிலாவிலிருந்து சிரம்பானுக்கு புக்கிட் புத்துஸ் பழைய சாலையில் இறங்கி வந்தான். அந்தச் சாலையைத் தெரிந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டாம். பக்கத்தில் நண்பன். நான்கைந்து வளைவு அழுத்தி அழுத்திப் பிடித்திருக்கிறான். அடுத்த வளைவில் மிதி உள்ளே போய்விட்டது. கையில் இருந்த ஹேண்ட் பிரேக்கும் கியரும் பாதி வேலை செய்ததால் பள்ளத்துக்குப் போகாமல் மலைப் பக்கத்துக் கால்வாயில் இறங்கியது. அவனுக்குத் தோள். நண்பனுக்குத் தொடை எலும்பு இரண்டாக. இன்றும் அந்த நண்பன் மாடிப்படி ஏறும்போது பார்த்தால் தெரியும். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் கழற்றி வேறு யாருக்கோ விற்றார்கள்.

மருத்துவமனையில் அவன் அம்மா என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. "சார் வந்துட்டாரு, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த நாற்காலியில் இன்னும் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். அதனால்தான் என்னால் கட்டைவிரல் போட முடியவில்லை.

சரி, மற்ற வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

"ஜப்பான் இன்ஜின், கெட்டி." கெட்டியாகத்தான் செய்தார்கள். எப்போது? லான்சர் ஜிஎஸ்ஆரில் இந்த டர்போ வந்தது 1990களின் தொடக்கத்தில். உன் பலகை மேல் இருப்பதற்கு உன் வயது இருக்கலாம். யார் ஓட்டினான், எண்ணெய் மாற்றினானா, எத்தனை நாள் எண்ணெய் இல்லாமல் கொள்கலனில் கிடந்தது என்று பலகை சொல்லாது. டர்போவின் அச்சு எண்ணெயில் மிதக்கிறது. சூட்டோடு இன்ஜினை நிறுத்தி நிறுத்தி ஓட்டியவன் கையில் இருந்திருந்தால் அந்த எண்ணெய் கருகி வழியை அடைத்திருக்கும். அப்பாவின் இன்ஜினின் வியாதி நமக்குத் தெரியும், புகையின் நிறமே சொல்கிறது. தெரிந்த வியாதியை விட்டுவிட்டுத் தெரியாத வியாதியை ஆறாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கியிருக்கிறாய்.

"சாலை வரி அதேதான் சார்." நம் நாட்டில் சாலை வரி சிசியை வைத்து. டர்போ இருந்தாலும் இல்லாவிட்டாலும் 1834 என்றால் 1834தான். வரிக்காரனுக்குக் கணக்கு சரி. இயற்பியலுக்கு அந்தக் கணக்கு செல்லாது.

"பிளாக் ஒண்ணுதான், யாருக்குத் தெரியப் போவுது?" இந்த வாதத்தைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், இன்ஜினை மாற்றினால் ஜேபிஜேயிடம் அனுமதி வாங்க வேண்டும், சோதனைக்குக் காட்ட வேண்டும், பதிவில் இன்ஜின் எண்ணை மாற்ற வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஓட்டி நாளை ஒரு மோட்டார் சைக்கிள்காரன் மேல் மோதினால், நிறுவனம் முதலில் திறப்பது இன்ஜின் மூடியைத்தான். அப்போது "யாருக்குத் தெரியும்" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். அடிபட்டவன் குடும்பத்துக்கு யார் பணம் கொடுப்பது? உன் அம்மாவின் வீட்டை விற்றா? தாளில் ஒளிக்க வேண்டிய வேலை என்றால் அது தவறான வேலை. இதைச் சொல்ல வாத்தியார் வேண்டியதில்லை.

"எல்லாரும் பண்றாங்க, ஒண்ணும் ஆவல." ஒன்றும் ஆகாதவர்கள் படம் போடுகிறார்கள். ஆனவர்கள் போடுவதில்லை. என் மாணவனின் கால்வாய்ப் படத்தை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

பட்டறை வைத்திருக்கும் என் பிள்ளைகளே, இனி உங்களுக்கு. உங்களில் நால்வர் இந்த வேலை செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கையில் தொழில் இருக்கிறது, எனக்குப் பெருமைதான். உங்கள் மேல் ஒரு குற்றச்சாட்டும் இருக்கிறது. நீங்கள் பாதி விலையைச் சொல்கிறீர்கள். இன்ஜின் இவ்வளவு, மாட்டுக்கூலி இவ்வளவு என்று. முழு விலை உங்களுக்குத் தெரியும். கிளட்ச், கியர் பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், பெரிய ரேடியேட்டர், இண்டர்கூலர், எண்ணெய் பம்ப், பெரிய பிரேக், அதற்கு ஏற்ற பெரிய வீல், நல்ல டயர், சஸ்பென்ஷன், இன்ஜின் கம்ப்யூட்டரைச் சரியாக டியூன் செய்வது, பிறகு ஜேபிஜே வேலை. இதை முழுவதும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பத்துப் பையன்களில் எட்டுப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதிக் கொடுப்பதில்லை. "முதல்ல இன்ஜினைப் போட்டுருவோம் தம்பி, பிரேக்கெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறீர்கள். அந்த "அப்புறம்" வருவதற்கு முன்னால்தான் புக்கிட் புத்துஸ் வருகிறது. என் வேண்டுகோள் ஒன்றுதான். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். பிரேக் முதலில், டயர் இரண்டாவது, குளிரூட்டல் மூன்றாவது, தாள் நான்காவது, இன்ஜின் கடைசி. இந்த வரிசையில் காசு போடச் சம்மதிக்கிறவனுக்கு மட்டும் இன்ஜினைத் தூக்குங்கள். அப்படி முழுவதையும் ஒழுங்காகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

மகனே, கடைசியாக உனக்கு.

வேகம்தான் வேண்டும் என்றால், காரை இன்ஜின் மட்டும் வேகமாக்குவதில்லை. 1996இல் லோட்டஸ் எலீஸ் என்று ஒரு கார் செய்தார்கள். 1.8 லிட்டர், டர்போ இல்லை, 118 குதிரைத்திறன். உன் அப்பா காரைவிடக் குறைவு. ஆனால் எடை 700 கிலோ சொச்சம். அதை ஓட்டியவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். எடை குறைந்தால் முடுக்கமும் கூடும், வளைவும் கூடும், பிரேக்கும் கூடும். இன்ஜினைக் கூட்டினால் முடுக்கம் மட்டும்தான் கூடும், மற்ற இரண்டுக்கும் பாரம் கூடும். உன் கையில் இருக்கும் கார் அந்த லோட்டஸ்காரர்கள் கைவைத்த கார். அதில் நல்ல டயரும் புது சஸ்பென்ஷன் புஷ்ஷும் நல்ல பிரேக் பேடும் போட்டு, செப்பாங் தடத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் ஒரு நாளில் ஓட்டிப் பார். சாலையில் நீ அதன் பாதித் திறமையைக்கூடப் பார்த்ததில்லை என்று உனக்கே தெரியும்.

"புது உயிர்" என்று எழுதினாய். உன் அம்மா அதைப் படித்துவிட்டு எனக்கு ஃபோன் செய்தாள். "மாமா, அப்ப அவரு இன்ஜினை என்னா பண்ணுவான்?" என்று மட்டும் கேட்டாள். பட்டறைக்காரர் பழைய இரும்புக்கு எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. கிராண்டை எடுத்துப் பார். அப்பா பெயருக்குக் கீழே ஓர் இன்ஜின் எண் இருக்கும். வாங்கிய அன்று அந்த எண்ணை பிளாக்கில் டார்ச் அடித்து என்னிடம் காட்டினான். "அண்ணா, தாளும் இரும்பும் ஒண்ணாயிருக்கு பாருங்க" என்றான். நாம் எப்போதும் வாங்கியது பழைய கார்கள். தாளும் இரும்பும் ஒன்றாக இருந்த முதல் கார் எங்கள் குடும்பத்தில் அதுதான்.

நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு சீல். பெரும்பாலும் அவ்வளவுதான். சிலிண்டர் தேய்ந்திருந்தால் கடைந்து பெரிய பிஸ்டன் போடலாம். எனக்கு எழுபது ஆகிறது, குனிந்தால் முதுகு பிடிக்கும். ஆனால் கை நடுங்கவில்லை. என் கருவிப்பெட்டி அப்படியே இருக்கிறது, டார்க் ரெஞ்ச் உட்பட. வரும் சனிக்கிழமை காரை லோரியில் ஏற்றி என் வீட்டுக்குக் கொண்டு வா. கேஸ்கெட், ரிங், சீல் செலவு என்னுடையது. அந்த ஹாஃப் கட்டை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கேள். ஆயிரம் நட்டம் என்றாலும் விற்றுவிடு. மிச்சப் பணம் நான்கு டயருக்கும் பிரேக்குக்கும் சரியாக இருக்கும்.

இல்லை, டர்போதான் என்று நீ முடிவு செய்தால், உனக்கு இருபத்தேழு வயது, நான் தடுக்க முடியாது. மேலே சொன்ன வரிசையில் செய். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு எனக்குப் படம் அனுப்பு. முதல் படம் பிரேக்காக இருக்கட்டும். அந்தப் படத்துக்குக் கட்டைவிரல் போடும் முதல் ஆள் நான்.

சிரிப்பு முகம் போட்ட பட்டறை மாணவனும் சனிக்கிழமை வரலாம். மதியச் சாப்பாடு உண்டு. என்னோடு வாதம் செய்ய நினைப்பவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் "ரிலேக்ஸ் சார்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் கேஎச் வாத்தியார்